ஆறு பையன்களும் ஒரு தீவும்: பெட்டிச் செய்திக்குத் திருத்தம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டோங்கா நாட்டு மாணவர்கள் ஆறு பேர் 1965-66இல் பெரியவர் துணையின்றி ஒரு தீவில் 15 மாதம் தாக்குப்பிடித்த வரலாற்றைத் தங்கள் ஞாயிறு இணைப்பில் முழுப்பக்கக் கட்டுரையாக வெளியிட்டிருந்தீர்கள். பள்ளிப் பிள்ளைகள் அவசியம் படிக்க வேண்டிய செய்தி. ஆனால் கட்டுரை தொடக்கம் முதல் முடிவு வரை ‘நட்பு காப்பாற்றியது’ என்ற ஒரே பல்லவியைப் பாடுகிறது. போதாததற்கு ‘நீங்களும் தீவில் மாட்டிக்கொண்டால்?’ என்று ஒரு பெட்டிச் செய்தி. அதில் இருக்கும் ஐந்து யோசனைகளில் மூன்று ஆபத்தானவை. பிள்ளைகள் இதையெல்லாம் வெட்டி நோட்டில் ஒட்டிவைப்பார்கள். மாணவர்களுக்கு முகாம் வாழ்க்கையும் முதலுதவியும் கற்றுக்கொடுப்பதே எங்கள் வேலை என்பதால் சற்று நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. இடப் பற்றாக்குறை இருந்தால் எதை வேண்டுமானாலும் குறையுங்கள். தண்ணீர், கிழங்கு, எலும்பு முறிவு பற்றிய பகுதிகளில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நடந்தது இதுதான். தலைநகர் நூக்குவாலோஃபாவில் விடுதிப் பள்ளியில் படித்த ஆறு பேர், அவர்களில் இளையவனுக்கு 13 வயது, 1965 ஜூனில் ஒரு மீனவரின் 24 அடிப் படகைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு ஃபிஜிக்குப் போகப் புறப்பட்டார்கள். கையில் இருந்தவை இரண்டு மூட்டை வாழைப்பழம், சில தேங்காய், ஒரு சின்ன கேஸ் அடுப்பு. வரைபடமும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. அன்று இரவே காற்று பிடித்துக்கொண்டது. பாய் கிழிந்தது, சுக்கான் போயிற்று. எட்டு நாள் போன போக்கில் மிதந்து, டோங்காவின் முக்கியத் தீவுக்குத் தெற்கே சுமார் 160 கிலோமீட்டரில் இருக்கும் ஆட்டா தீவில் ஒதுங்கினார்கள். சுற்றிலும் செங்குத்துப் பாறை, நடுவில் பழைய எரிமலையின் மேட்டு நிலம். படகு போய்விட்டது, உடைந்த பலகைகளைப் பிடித்துக்கொண்டுதான் கரையேறினார்கள்.

அதை ‘மனிதக் காலடி படாத தீவு’ என்று கட்டுரை சொல்கிறது. படாத காலடி அல்ல, பிடுங்கப்பட்ட காலடி. 1863இல் தாமஸ் மெக்ராத் என்ற திமிங்கில வேட்டைக் கப்பல் தலைவன் ‘கிரேசியன்’ என்ற கப்பலில் வந்து, பண்டமாற்று என்று ஆசை காட்டி மக்களைக் கப்பலுக்குள் வரவழைத்து, சுமார் 140 பேரைக் கடத்திக்கொண்டு போனான். பெரு நாட்டில் அடிமை வேலைக்காகத் தீவுத் தீவாக ஆள் பிடித்த காலம் அது. மிஞ்சிய 200 பேர் அளவிலானவர்களை டோங்கா மன்னர் முதலாம் ஜார்ஜ் டுப்போ, இனியும் அங்கே இருந்தால் ஆபத்து என்று எவா தீவுக்குக் குடிமாற்றினார். அவர்கள் விட்டுப்போன ஊரின் இடிபாடு மேட்டில் கிடந்தது. நட்டுவிட்டுப் போன சேப்பங்கிழங்கும் வாழையும் காட்டுத்தனமாகப் பெருகியிருந்தன. கோழிகள் தலைமுறை தலைமுறையாகத் திரிந்துகொண்டிருந்தன. பழைய வெட்டுக்கத்தி ஒன்றும் கிடைத்தது. பையன்கள் மேலே ஏறி அந்த ஊரைக் கண்டுபிடித்த பிறகுதான் அவர்கள் பிழைப்பு ஒரு நிலைக்கு வந்தது. நூறு வருடத்துக்கு முன் நட்டவர்களின் உழைப்பைச் சேர்க்காமல் ‘பெரியவர்கள் இல்லாத உலகம்’ என்று தலைப்புப் போட்டால் கணக்கு உதைக்கிறது. தேங்காய் உரிப்பது, பாறையோரம் மீன் பிடிப்பது, அலையில் நீந்துவது எல்லாம் தீவுப் பிள்ளைகளுக்கு வீட்டில் வந்த படிப்பு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி பெட்டிச் செய்திக்கு வருகிறோம்.

‘தண்ணீர் இல்லையென்றால் பறவை ரத்தம் குடிக்கலாம்’ என்று படத்தோடு போட்டிருக்கிறீர்கள். ஆரம்ப நாட்களில் அந்தப் பையன்கள் கடற்பறவையின் ரத்தத்தைக் குடித்தது உண்மை. அது கதியில்லாமல் செய்தது, யோசனையாகச் சொல்லத் தக்கது அல்ல. ரத்தத்தில் உப்பும் புரதமும் உண்டு. புரதம் செரித்து முடிந்தபின் வரும் கழிவை வெளியேற்ற உடலுக்கு மேலும் தண்ணீர் வேண்டும். வரவு செலவு பார்த்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம்தான். கடல்நீர் இன்னும் மோசம். ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு. மனிதச் சிறுநீரகம் அந்த அளவு கெட்டியாக உப்பை வெளியேற்றாது. ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால் அதன் உப்பைக் கழிக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் சிறுநீர் போக வேண்டும். குடிக்கக் குடிக்க உடல் வற்றும், பிறகு புத்தி தடுமாறும். படகில் இருந்த எட்டு நாளும் அவர்கள் மழை நீரைக் கொட்டாங்கச்சியில் பிடித்து, காலையில் ஆளுக்கு ஒரு வாய், மாலையில் ஒரு வாய் என்று பங்கிட்டார்கள். கடல்நீரைக் கலந்து ‘பெருக்க’வில்லை. உயிர்காப்புப் படகுகளில் தலைக்கு 3 லிட்டர் குடிநீர் வைத்திருக்க வேண்டும் என்று சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதி சொல்வதை நினைத்துப் பார்த்தால் அந்த ஒரு வாயின் அருமை புரியும்.

கரையில் வேறு கணக்கு. அவர்கள் மரத்தைக் குடைந்து தொட்டி செய்து மழைநீர் சேர்த்தார்கள் என்று கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் கடந்துபோய்விட்டீர்கள். எங்களைக் கேட்டால் அந்தப் பக்கத்தின் மிக முக்கியமான வாக்கியம் அதுதான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 2 மீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகல வாயும் உள்ள மரத்தொட்டியின் பரப்பு 0.8 சதுர மீட்டர். நல்ல மழை என்று நாம் சொல்லும் 10 மில்லிமீட்டர் பெய்தாலும் தொட்டியில் நேராக விழுவது 8 லிட்டர். உழைக்கிற ஆறு பேருக்குத் தலைக்கு 3 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 18 லிட்டர் வேண்டும். அதாவது தொட்டியைத் திறந்தவெளியில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் அரை நாள் தண்ணீர்கூடத் தேறாது. தண்ணீரைத் தொட்டிக்கு வரவழைக்க வேண்டும். சாய்ந்த மரமாகப் பார்த்து, அதன் தண்டில் வழியும் நீரை நாரால் கட்டிய இலையை வைத்துத் திருப்பிவிடலாம். கூரை ஓலையின் விளிம்பில் பிளந்த மூங்கிலோ குடைந்த வாழைத்தண்டோ கட்டிப் பிடிக்கலாம். 10 சதுர மீட்டர் கூரை அதே மழையில் ஓட்டை ஒழுகல் போக 70, 80 லிட்டர் தரும்.

சேமிப்பும் அப்படித்தான். டோங்காவில் மே முதல் அக்டோபர் வரை மழை குறைந்த பருவம். இவர்கள் ஒதுங்கியது ஜூன். 20 நாள் மழை பொய்த்தால் 360 லிட்டர் கையிருப்பு வேண்டும். ஒரு தொட்டியில் 150 லிட்டர் பிடித்தால் மூன்று தொட்டி. மரத்தைக் கத்தியால் மட்டும் குடைந்தால் கை போய்விடும். தணலை வைத்துக் கருக்கி, கருகியதைச் சுரண்டி, மறுபடி தணல் வைப்பதுதான் வழக்கம். ஓரம் மெலிந்துவிடாமல் ஈரமண் பூசிக்கொள்ள வேண்டும். நெடுக்கு வெடிப்பு உள்ள மரத்தில் எத்தனை நாள் உழைத்தாலும் ஒழுகும், ஆகவே வெட்டும் முன்பே நுனியையும் அடியையும் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நிறைப்பின் தண்ணீர் கசந்து பழுப்பாக இருக்கும், கொட்டிவிடலாம். மேலே ஓலை மூடி இல்லையென்றால் சருகும் பறவை எச்சமும் விழுந்து வயிற்றுப்போக்கு வரும். ஆறு பேரில் நான்கு பேருக்கு வயிறு போனால் நீங்கள் பாராட்டும் அந்தச் சமூகம் இரண்டே நாளில் படுத்துவிடும்.

‘இரண்டு குச்சியை வேகமாகத் தேய்த்தால் தீ வரும்.’ வராது. புகை வரும், தோல் உரியும், பிள்ளை வெறுத்துப்போகும். நம் ஊர் அரணிக்கட்டையில் கயிறு சுற்றிக் கடைவார்கள். பசிபிக் தீவுகளின் முறை வேறு, பள்ளத்தில் உழுவது. பூவரசுக் குடும்பத்து மென்மரம் இதற்குத் தோது. அடிக்கட்டை நன்கு காய்ந்திருக்க வேண்டும், நகத்தால் அழுத்தினால் தடம் பதிய வேண்டும். அதில் ஒரு சாண் நீளத்துக்குப் பள்ளம். தேய்க்கும் குச்சி கட்டைவிரல் தடிமன், நுனி உளி போல. கட்டையின் ஒரு முனையில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, குச்சியைச் சாய்த்துப் பிடித்து, முதலில் நிதானமாக, ஒரே அழுத்தத்தில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். பள்ளத்தின் கோடியில் தூள் குவியும். தூள் கரடுமுரடாக, வெளிர் பழுப்பாக இருந்தால் கட்டையில் ஈரம் இருக்கிறது அல்லது அழுத்தம் போதவில்லை. மையைப் போல நுண்ணிய கறுப்புத் தூள் சேர்ந்து புகைய ஆரம்பித்த பிறகுதான் வேகம். அந்தக் குவியலைக் குச்சி நுனியால் இடித்துக் கலைப்பது எல்லாப் பிள்ளைகளும் செய்யும் தவறு. நெற்றி வியர்வை பள்ளத்தில் சொட்டுவது அடுத்தது. மூன்றாவது, கை ஓய்ந்து நிறுத்துவது. பத்து நொடி நின்றால் சேர்ந்த சூடு போச்சு. எதிரே இன்னொருவன் உட்கார்ந்து, ஓட்டம் நிற்காமல் குச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். தனியாளாக முடியாதது இருவராக முடிவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்கள் பயிற்சியில் கிடையாது. புகையும் தூளைத் தேங்காய் நார்க் கூட்டில் கொட்டி, ஊதாங்குழலில் ஊதுவது போல பலமாக ஊதாமல், நீளமாக மெல்ல மூச்சு விட்டால் கனல் பற்றும்.

அந்தப் பையன்களுக்கும் உடனே தீ கிடைத்துவிடவில்லை. வெகுகாலம் பச்சை மீனும் முட்டையும்தான். கிடைத்த தீயை, மீட்கப்படும் வரை அணையவே விடவில்லை. இதுதான் அவர்களுடைய பெரிய சாதனை என்பது எங்கள் கருத்து. தீ வளர்ப்பதைவிடத் தீ காப்பது கடினம், ஏனென்றால் அதில் வீரம் எதுவும் இல்லை, தினமும் செய்ய வேண்டியதுதான் இருக்கிறது. இரவில் தணலைக் கூட்டிச் சாம்பலால் மூடி நீறு பூக்க விட வேண்டும். தடித்த கட்டைகளின் முனைகளை மட்டும் ஒன்றோடொன்று முட்டவைத்தால் விடியும்வரை கனியும். தேங்காய் மட்டை மெல்லப் புகையும், இடம் மாற்றி எடுத்துப்போக அதுவே வசதி. பெட்டிக்கடைகளில் பீடி பற்றவைக்கத் தொங்கவிடும் கயிற்றில் நடப்பதும் இதே வேலைதான். அடுப்பு தரைக்கு ஒரு சாண் உயரத்தில், கூரைக்குக் கீழ், சுற்றிலும் வாய்க்கால் வெட்டி இருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து ஈரக் கல்லைக் கொண்டுவந்து அடுப்புக் கட்டக் கூடாது. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துக் கண்ணில் தெறிக்கும்.

தீ ஏன் இத்தனை முக்கியம்? குளிருக்காக அல்ல, கிழங்குக்காக. ‘காட்டில் கிடைக்கும் கிழங்குகளைத் தோண்டிச் சாப்பிடலாம்’ என்ற உங்கள் மூன்றாவது யோசனை படிக்கவே பகீரென்றது. அந்தத் தீவில் கிடைத்தது நம் சேப்பங்கிழங்கேதான். அதைப் பச்சையாகக் கடித்தால் என்ன ஆகும் என்று எந்த அம்மாவிடம் கேட்டாலும் சொல்வார். கிழங்கிலும் தண்டிலும் இலையிலும் ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. நாக்கும் தொண்டையும் வீங்கும். சின்னப் பிள்ளைக்கு மூச்சே அடைக்கலாம். முழுசாக வெந்து, விரலால் நசுக்கினால் மாவாகும் வரை வேகவைக்க வேண்டும். தணலில் சுட்டால் மேலே கருகி உள்ளே அரைவேக்காடாக நிற்கும். பாத்திரம் இல்லாத இடத்தில் டோங்காவில் செய்வது போல குழி தோண்டி, காய்ந்த கல்லைச் சூடேற்றி, வாழையிலையில் பொதிந்த கிழங்கை வைத்து, மண் மூடி ஒரு மணி நேரத்துக்கு மேல் விட வேண்டும். பெயர் தெரியாத கிழங்கை எப்படி வேகவைத்தாலும் சாப்பிடக் கூடாது என்பதே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய பாடம்.

அளவும் முக்கியம். ஒரு பையனின் ஒரு நாள் சாப்பாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கிழங்கை நம்பி ஒதுக்கினால் ஏறத்தாழ 600 கிராம். ஆறு பேருக்கு மூன்றரைக் கிலோ. ஒரு செடிக்கு அரைக் கிலோ என்று வைத்தால் தினம் 7 செடி, மாதம் 200க்கு மேல். நட்ட செடி கிழங்கு வைக்க 7 முதல் 10 மாதம் ஆகும். முதல் மாதத்திலிருந்தே திருப்பி நடாவிட்டால் பாதி வருடத்தில் காடு காலி. நடுவதற்குக் கிழங்கு வீணாக வேண்டியதில்லை. தோண்டியதும் தலைப்பகுதியை இரண்டு விரற்கடை கிழங்கோடும் ஒரு சாண் தண்டோடும் வெட்டி, இலையைக் கழித்து, அன்றே ஊன்றிவிடலாம். பக்கக் கன்றையும் பிரித்து வைக்கலாம். கோழிக்குப் பட்டி கட்டினார்கள் என்றால் அதன் பொருள், முட்டையிடும் பெட்டையை யாரும் தொடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான். பசி நேரத்தில் அப்படி ஒப்புக்கொள்வது பெரியவர்களுக்கே கஷ்டம்.

இங்கேதான் ஏற்பாடு என்ற விஷயம் வருகிறது. ‘தலைவனும் இல்லை, சட்டமும் இல்லை, அன்பு மட்டுமே’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டம் இருந்தது. இருவர் இருவராக மூன்று ஜோடி. தோட்டம், சமையல், காவல் என்று முறை வைத்து வேலை. காலையும் மாலையும் பாட்டும் ஜெபமும், அதாவது ஒரு நாளைக்கு இரண்டு முறை ஆறு தலையும் ஓரிடத்தில் கூடி எண்ணிப் பார்க்கப்பட்டன. இரவுக் காவலை ஜோடியாகக் கொடுப்பதன் லாபம், ஒருவன் கண்ணயர்ந்தால் மற்றவன் தீயைப் பார்ப்பான். ஒரே ஜோடியை நிரந்தரமாக விட்டால் மட்டும் இரண்டு வாரத்தில் கோஷ்டி உருவாகும். முகாம் நடத்தும் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்: ஆறு பேரில் ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடும் ஒருமுறை சேர ஐந்து சுற்று போதும். எதிரெதிரே மூன்று மூன்று பேராக உட்காரவைத்து, ஒருவனை மட்டும் அசையாமல் நிறுத்தி, மற்ற ஐவரையும் சுற்றுக்கு ஓரிடம் நகர்த்தினால் பட்டியல் தானாக வரும்.

சண்டைக்கும் ஒரு விதி. மோதிக்கொண்ட இருவரும் தீவின் எதிரெதிர்க் கோடிக்குப் போய்ச் சில மணி நேரம் தனியாக இருந்துவிட்டு வர வேண்டும். வந்ததும் மற்றவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டு முடித்துக்கொள்ள வேண்டும். இதில் தீர்ப்பு சொல்ல ஆள் வேண்டாம், யார் மேல் தவறு என்ற விசாரணையும் வேண்டாம் என்பதைக் கவனியுங்கள். பெரியவர் இல்லாத இடத்தில் விசாரணை ஆரம்பித்தால் அது வாக்கெடுப்பாகி, நாலுக்கு இரண்டாகப் பிரிந்து நிற்கும். மாணவர் குழுக்களில் இந்த விதி கெட்டுப்போவது இரண்டு விதத்தில்: தண்டனையாகச் சாப்பாட்டைக் குறைப்பது, தனியே போனவனைக் கூப்பிட மறந்துவிடுவது. முதலாவது திருட்டை வளர்க்கும். இரண்டாவது வெறுப்பை வளர்க்கும்.

கோலோ என்ற பையன் மிதந்து வந்த மரத்துண்டு, பாதிக் கொட்டாங்கச்சி, உடைந்த படகிலிருந்து எடுத்த ஆறு உலோகக் கம்பி ஆகியவற்றால் கிதார் செய்ததைப் பெரிய படத்தோடு போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஸ்டீபன் என்பவன் பாறையிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்ததற்குக் கொடுத்த இடம் இரண்டு வரி. மற்றவர்கள் குச்சியும் இலையும் வைத்துக் கட்டி, அவன் வேலையையும் பங்கிட்டுக்கொண்டார்கள். மன்னரைப் போல படுத்திரு என்று அவனைக் கேலி செய்தார்களாம். கால் நேராகவே கூடியது. உங்கள் பெட்டிச் செய்தி இதிலிருந்து எடுத்த பாடம், ‘எலும்பு முறிந்தால் காலை இழுத்து நேராக்கி இறுக்கிக் கட்டவும்’. இந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்தை எழுதியிருப்போம்.

மருத்துவமனைக்குப் போக வழியுள்ள எந்த இடத்திலும் முறிந்த காலைப் பிள்ளைகள் இழுக்கக் கூடாது. இருந்த நிலையிலேயே ஆடாமல் வைத்து 108க்கு அழைக்க வேண்டும். முழங்காலுக்குக் கீழ் முறிவு என்றால், முழங்காலும் கணுக்காலும் இரண்டுமே அசையாதபடி, தொடையிலிருந்து குதிகால் தாண்டும் நீளத்துக்கு இரு பக்கமும் பட்டை வைக்க வேண்டும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே துணியோ வாழைச் சருகோ மெத்தையாக இருக்க வேண்டும். கட்டு நாலு இடத்தில், முறிந்த இடத்துக்கு நேர் மேலே ஒருபோதும் கட்டக் கூடாது. இறுக்கம்தான் காலைப் பறிக்கும். முதல் இரண்டு மூன்று நாளில் வீக்கம் ஏறும். காலையில் சரியாக இருந்த கட்டு மாலையில் கழுத்தை நெரிக்கிற மாதிரி ஆகிவிடும். கால்விரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு நொடியில் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் சில்லிட்டிருக்கிறது, நீலம் பாய்கிறது, மரத்துப்போகிறது என்றால் உடனே தளர்த்த வேண்டும். தோல் கிழிந்து எலும்பு தெரிந்தால் சுத்தத் துணியால் மூடுவதோடு நிறுத்த வேண்டும். ஸ்டீபன் தப்பியது நல்ல கட்டால் பாதி. அவசரப்பட்டு ஊன்றி நடக்காமல் மாதக்கணக்கில் படுத்திருக்க மற்ற ஐவரும் விட்டதால் பாதி. ஐந்து பேர் ஆனதும் ஜோடி உடையும். படுத்திருப்பவனுக்கும் தீயைப் பார்ப்பது, நார் திரிப்பது போன்ற வேலையைக் கொடுப்பதுதான் இரு தரப்புக்கும் நல்லது.

பையன்கள் கதையாகவே போய்விடக் கூடாது என்பதால் இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். 2023 மே 1ஆம் தேதி கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. தாயும் மற்ற பெரியவர்களும் இறந்தார்கள். ஹுய்டோட்டோ பழங்குடியைச் சேர்ந்த உடன்பிறப்புகள் நால்வர், மூத்தவள் 13 வயதுப் பெண், கடைசி 11 மாதக் குழந்தை, 40 நாள் கழித்து ஜூன் 9 அன்று உயிரோடு கிடைத்தார்கள். விமானத்திலிருந்து அந்தப் பெண் எடுத்தது மரவள்ளி மாவு. கசப்பு மரவள்ளியில் சயனைடு நஞ்சு உண்டு. துருவி, ஊறவைத்து, பிழிந்து, வறுத்த பிறகே அந்த மாவு ஆகிறது. தண்ணீரில் ஊறினால் போதும், தீ வேண்டாம், கைக்குழந்தைக்கும் கரைத்து ஊட்டலாம். மாவு தீர்ந்ததும் எந்தப் பனைப்பழம் தின்னத் தக்கது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கிளைகளைக் கட்டிக் குடில் போட்டதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டதும் வீட்டில் கற்றவை. நம் முகாம்களில் கயிற்று முடிச்சு ஆண் பிள்ளைகளுக்கு, சமையல் பெண் பிள்ளைகளுக்கு என்று இன்னும் பிரிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. ஆட்டாவில் சமைத்தவர்கள் பையன்கள். அமேசானில் குடில் கட்டியவள் ஒரு சிறுமி.

கடைசியாகத் தெப்பம். ‘மரத்துண்டுகளைக் கட்டித் தெப்பம் செய்து தப்பிக்கலாம்’ என்பது உங்கள் ஐந்தாவது யோசனை. ஆட்டா பையன்களும் தெப்பம் கட்டினார்கள், அலையில் சிதறியது. அப்போதே வெட்டிய மரம் பாதி நீர். ஆள் ஏறியதும் முழுகும். கொடியும் நாரும் நனைந்ததும் நெகிழும், அலை ஒவ்வொரு கட்டையையும் வெவ்வேறு பக்கம் இழுக்கும். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாதவர்கள் அன்று கடலுக்குள் போயிருந்தால் திரும்பியிருக்க மாட்டார்கள். அவர்களைக் காப்பாற்றியது இருந்த இடத்திலேயே இருந்ததும், தீயும்தான். 1966 செப்டம்பர் 11 அன்று ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பீட்டர் வார்னர் தன் மீன்பிடிப் படகிலிருந்து பைனாகுலரில் பார்த்தபோது, பச்சைச் சரிவில் கருகிய திட்டுகள் தெரிந்தன. மழைத் தீவில் தானாகத் தீ பிடிக்காதே என்று சந்தேகப்பட்டுக் கிட்டே போனார். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இது: உயரமான, திறந்த இடத்தில் முக்கோணமாக மூன்று தீ, பகலில் பச்சை இலை போட்டுப் புகை, தரையில் சுற்றுப்புறத்தோடு ஒட்டாத நிறத்தில் பெரிய குறி. ஊர் திரும்பியதும் படகுக்காரர் கொடுத்த புகாரில் ஆறு பேரும் காவலில் வைக்கப்பட்டதையும், வார்னர் 150 பவுண்டு ஈடு கட்டி அவர்களை வெளியே எடுத்ததையும் கட்டுரையில் விட்டுவிட்டீர்கள். கேட்காமல் படகை எடுத்ததற்கும் ஒரு விலை இருந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் நல்லதுதானே.

எங்கள் வேண்டுகோள்: ரத்தம், கிழங்கு, எலும்பு முறிவு பற்றிய மூன்று யோசனைகளுக்கும் வரும் ஞாயிறு இணைப்பின் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். குச்சித் தீயையும் தெப்பத்தையும் பற்றிய வரிகளையும் அதோடு மாற்றி எழுதுங்கள். உள்பக்க மூலையில் வரும் ‘வருந்துகிறோம்’ பிள்ளைகள் கண்ணில் படாது. பறவை ரத்தம் குடிக்கும் ஓவியத்தை மறுபடியும் அச்சிட வேண்டாம். அந்த இடத்தில் மூடி போட்ட மரத்தொட்டியும், சாய்ந்த மரத்திலிருந்து அதற்கு நீர் வரும் இலைவழியும் வரைந்து போடலாம். அளவுகளோடு கோட்டோவியம் தேவைப்பட்டால் வரைந்து அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மாணவர் முகாம், முதலுதவிப் பயிற்சியாளர்கள் சிலர்,
திண்டுக்கல்.